செட்டிநாட்டுக்கு கிளப் கலாச்சாரம் எப்போது வரும்?

"காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் வருகிறோம். கோவா மாதிரி இரவு வாழ்க்கை இங்கே எப்போது வரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வராது.

கோவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களின் கடைசியில் அஞ்சுனா கடற்கரையில் ஹிப்பிகள் கூடினார்கள். அப்புறம் டிரான்ஸ் என்கிற மின்னணு இசைப் பார்ட்டி, சார்ட்டர் விமானத்தில் மொத்தமாக வந்திறங்கிய வெளிநாட்டுச் சுற்றுலாக் கூட்டம், பிறகு நம்மூர் ஐ.டி. பையன்கள். வருகிற ஆள் மாற மாற இசையும் இடமும் மாறின. ஒலி மாசு விதிகள் (2000) இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளி ஒலிபெருக்கியைத் தடுத்ததும் ஆட்டம் மெல்ல அரங்குக்குள் போனது.

இங்கே வருகிறவர்கள் ஆத்தங்குடித் தரைக்கல்லும் தேக்குத் தூணும் பார்க்க வருபவர்கள். பழைய வீடுகள் ஓட்டலானதும் அவர்களை நம்பித்தான். இலைச் சாப்பாடு முடிந்தால் அடுத்தது தூக்கம். டாஸ்மாக்கும் பத்து மணிக்குச் சாத்திவிடும்.

சரி, ராத்திரி முழித்தே ஆகவேண்டுமா? மாசி, பங்குனித் திருவிழாச் சமயம் வாருங்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் வள்ளி திருமண நாடகம் போடுவார்கள். ஆர்மோனியக்காரரை பபூன் கிண்டலடித்து முடிக்கவே வெகுநேரமாகும். வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்குவது அதற்கப்புறம்தான். நாற்காலியை எதிர்பார்க்காதீர்கள், பாய் கொண்டுபோங்கள்.