ஓவர்டிராஃப்ட் (ஓடி) வரம்பைக் குறைத்த வங்கி: வழக்குப் போடலாமா, வங்கியை மாற்றலாமா?

தலவாக்கலை வாசகர் ஒருவர் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். ஓடி என்று அவர் சொல்வது ஓவர்டிராஃப்ட், கணக்கில் இருப்பதற்கு மேல் ஒரு வரம்புவரை எடுக்கும் வசதி. சுருக்கம் இதுதான்:

"நகரில் பலசரக்குக் கடை நடத்துகிறேன். அப்பா காலத்திலிருந்து 22 வருடமாக ஒரே வங்கி. கடைக் கட்டடத்தை ஈடு வைத்து 40 இலட்சம் ரூபா ஓடி வசதி தந்திருந்தார்கள். 35 இலட்சத்தில் எடுத்த தவணைக் கடனில் இன்னும் 28 இலட்சம் பாக்கி. ஓடியில் சாதாரணமாக 12 இலட்சத்துக்கு மேல் எடுப்பதில்லை. தீபாவளிக்குச் சாமான் இறக்கும்போது மட்டும் 35 வரை போகும். ஒரு தவணைகூடத் தவறியதில்லை. இப்போது 40ஐ 15 ஆக்கிவிட்டார்கள். கடிதத்தில் 3ஆம் திகதி, கைக்கு வந்தது 11ஆம் திகதி. இடையில் 9ஆம் திகதி, புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கு முன்பே எழுதிக் கொடுத்த 4 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா காசோலை திரும்பிவிட்டது. ஓடியையும் தவணைக் கடனையும் சேர்த்து, தீபாவளிக்குக் கொஞ்சம் காசும் போட்டு, 55 இலட்சத்துக்கு ஒரே கடனாக்கித் தருகிறேன், மனைவி பெயரில் உள்ள வீட்டு உறுதியையும் கொண்டுவாருங்கள் என்கிறார் முகாமையாளர். எதிர்ப்பக்கத்து வங்கி எல்லாவற்றையும் 60 இலட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது. 22 வருட விசுவாசத்துக்கு இதுதானா மரியாதை? வழக்குப் போடலாமா? வங்கியை மாற்றலாமா?"

22 வருடத்தை முதலில் ஓரமாக வைப்போம். அப்பாவுக்கும் பழைய முகாமையாளருக்கும் இருந்த நட்பு, மாதா மாதம் கொண்டுபோய்ப் போட்ட பணம், புதிய முகாமையாளர் உட்காரச் சொல்லாமல் கதைத்தது, இவையெல்லாம் உங்களுக்கு வலிக்கும்தான். நீதிமன்றத்தில் இவற்றுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. ஒஃபர் லெட்டர் என்று நாம் சொல்கிற கடன் வசதிக் கடிதத்தை எடுத்து, ஓடி பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். கேட்டவுடன் திருப்பிக் கட்ட வேண்டியது, வங்கி தன் விருப்பப்படி எப்போதும் குறைக்கலாம், நிறுத்தலாம் என்று இருக்கும். அப்படி இல்லாத ஓடிக் கடிதத்தை என் தொழிலில் நான் பார்த்ததில்லை. கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கும். பாவிக்காத 25 இலட்சத்தை வெட்டியதற்காக வழக்கு இல்லை.

இது உங்களை அவமானப்படுத்தச் செய்ததும் அல்ல. 2018இலிருந்து நடைமுறையில் உள்ள எஸ்எல்எஃப்ஆர்எஸ் 9 கணக்கியல் நியமத்தின்படி, வாடிக்கையாளர் எடுக்காமல் வைத்திருக்கும் வரம்புக்கும் வங்கி நட்ட ஒதுக்கம், அதாவது நாளைக்கு வரக்கூடிய நட்டத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கும் தொகை, கணக்குப் பார்க்க வேண்டும். வருடத்தில் பதினொரு மாதம் சும்மா கிடக்கும் வரம்பு அவர்களுக்குச் செலவு. தோட்டத்துச் சம்பளம் பத்தாம் திகதி வரும்வரை லயத்துக்கெல்லாம் கடன் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் உங்கள் வியாபாரம் எப்படி ஓடுகிறது என்று கொழும்பில் கணினிக்கு முன்னால் இருப்பவருக்குத் தெரியாது.

ஏழு பக்கத்தில் சட்டத்துக்குத் தேவையானது ஒரே ஒரு வரி. அதை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள்: 9ஆம் திகதி திரும்பிய காசோலை. 12 இலட்சம் எடுத்திருந்த கணக்கில் இன்னும் 4 இலட்சத்து 80 ஆயிரம் போனாலும் பழைய 40க்குள்தான் நிற்கும். புதிய 15க்குள் நிற்காது. அந்தப் புதிய 15 உங்களுக்குத் தெரிந்ததோ 11ஆம் திகதி. இலங்கையில் வங்கி விவகாரங்களுக்கு 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின்படி இன்றும் ஆங்கிலச் சட்டமே பொருந்தும். வரம்பைக் குறைத்ததை அறிவிக்கும் முன், பழைய வரம்பை நம்பி எழுதிய காசோலையை வங்கி மதிக்க வேண்டும் என்பது அதில் பழைய கோட்பாடு. காசோலை திரும்பிய வியாபாரி தனக்கு எவ்வளவு நட்டம் என்று தனியாக நிரூபிக்காமலே நட்டஈடு கேட்கலாம் என்பதும் அதில் உண்டு.

ஆக, உங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஆனால் அதைப் போடாதீர்கள். மாவட்ட நீதிமன்றத்தில் வருடக் கணக்கில் அலைந்து கிடைக்கும் தொகை சட்டத்தரணிக் கட்டணத்துக்கே போதாமல் போகலாம். தபாலில் போட்ட நாளே கிடைத்த நாளாகக் கொள்ளப்படும் என்று ஒஃபர் லெட்டரில் ஒரு வாசகம் இருந்தால் அதுவும் வழுக்கும். பேரம் பேசுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வந்த உறையைத் தபால் முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள். குப்பையில் போட்டிருந்தால் இன்றே தேடுங்கள்.

அடுத்தது அவசரமானது. 11ஆம் திகதிக்கு முன் நீங்கள் கொடுத்துவைத்த பின்திகதிக் காசோலைகள் இன்னும் எத்தனை வெளியில் இருக்கின்றன? அதை எழுதவில்லை. தீபாவளிச் சாமானுக்கு எல்லோரும் அப்படித்தான் கொடுக்கிறார்கள், எனவே நீங்களும் கொடுத்திருப்பீர்கள். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, கணக்கில் காசில்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவதைக் குற்றமாக்குகிறது. 9ஆம் திகதிக் காசோலையில் உங்களுக்கு அந்தத் தெரிதல் இல்லை. இனி எழுதும் ஒவ்வொன்றிலும் இருக்கும். பழையவற்றுக்கும், எழுதியபோது எனக்குத் தெரியாது என்று வாதாடலாம்தான். ஆனால் அதை நீதவான் நீதிமன்றத்தில் நின்றுகொண்டு வாதாட வேண்டும். காசோலையை நிறுத்தச் சொல்லி வங்கிக்கு எழுதிவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். நியாயமான காரணமில்லாமல் நிறுத்துவதும் அதே பிரிவில் கொண்டுபோய் விடும். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெரு மொத்த வியாபாரிகளை ஒவ்வொருவராக அழைத்து, நடந்ததைச் சொல்லி, பழைய காசோலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, சின்னத் தொகைகளாகப் பிரித்துப் புதியவை கொடுங்கள். கூச்சமாக இருக்கும். பொலிஸ் முறைப்பாடு வந்த பிறகு கதைப்பது இன்னும் கூச்சம்.

சரி, இப்போது நான் உண்மையில் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். வெட்டப்பட்ட 25 இலட்சத்தால் உங்கள் கடை மூழ்காது. முகாமையாளர் நீட்டும் அந்த 55 இலட்சக் காகிதத்தால் மூழ்கலாம்.

1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குத் தந்த அதிகாரத்தைப் பராட்டே என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கடன் தவறினால், வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் போட்டு, வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலத்தில் விடலாம். தடுக்க வேண்டுமானால் நீங்கள்தான் ஓடிப்போய் இடைக்காலத் தடை கேட்க வேண்டும். 2011இல் வந்த திருத்தம் இதற்கு ஒரு கீழ் எல்லை போட்டது: தனித்தனிக் கொடுக்கல்வாங்கல் ஒவ்வொன்றிலும் வாங்கிய அசல் தொகை 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவாக இருந்தால் இந்த வழியில் போக முடியாது. வட்டியும் தண்டமும் அந்தக் கணக்கில் சேராது.

உங்கள் நிலையைப் பாருங்கள். ஓடி 40ஐத் தாண்டியதில்லை. தவணைக் கடன் 35இல் எடுத்தது. இரண்டும் எல்லைக்குக் கீழே. யாரும் திட்டமிடாமலே உங்களுக்கு ஒரு மதில் அமைந்திருக்கிறது. அந்த இரண்டையும் கூட்டி 55 ஆக்கி ஒரே கடனாக எழுதும் நாளில் அந்த மதிலை நீங்களே இடிக்கிறீர்கள். எதிர்ப்பக்கத்து வங்கியின் 60இலும் அதேதான் நடக்கிறது. வட்டி அரை வீதம் குறைவு, தவணை கொஞ்சம் சிறிது என்று சந்தோஷப்படும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முகாமையாளர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே இது தோன்றியிருக்காது. மேலிடத்துச் சட்டப் பிரிவுக்குத் தோன்றும்.

இரண்டாவது, வீடு. 2006இல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில், கடன் வாங்காத மூன்றாம் ஆள் ஈடு வைத்த சொத்தை இந்தச் சட்டத்தின் கீழ் வங்கி விற்க முடியாது என்றது. அதை யாராவது சொல்ல, மனைவியின் வீடுதானே, பயமில்லை என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தீர்ப்புக்குப் பிறகு நான் பார்க்கும் காகிதங்களில் சொத்துக்காரரையும் இணைக் கடன்காரராகவே கையெழுத்துப் போட வைக்கிறார்கள். அவர் அப்போது மூன்றாம் ஆள் இல்லை. வெறும் பிணையாளியாகப் போட்டாலும், முதலில் கடன்காரரிடம் போ என்று சொல்லும் பழைய ரோமன் டச்சுச் சலுகைகளை விட்டுக்கொடுப்பதாக அதே காகிதத்தில் இலத்தீனில் இரண்டு வரி இருக்கும். அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்ட ஒரு மனைவியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மூன்றாவது, புதிய கடிதத்தின் கடைசிப் பக்கங்களில் நிலுவை சரி என்று ஒப்புக்கொள்ளும் ஒரு பந்தியும், வங்கிக்கு எதிராக எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு பந்தியும் வரும். 9ஆம் திகதிக் காசோலை அங்கே செத்துவிடும்.

ஹட்டன் பக்கம் ஒரு ஹார்ட்வெயார் கடைக்காரர் இப்படித்தான் வந்தார். இரண்டு சின்னக் கடன்களை ஒன்றாக்கி, தாயார் வீட்டையும் சேர்த்துவிட்டார். அதன் பிறகு 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் தூக்கியது. அவரது வட்டி மாறும் வட்டி. சீமெந்து வாங்க ஆளில்லை. என்னிடம் வந்தபோது கையில் ஏல அறிவித்தல் இருந்தது. முன்பு இரண்டு கடன்களும் தனியாக இருந்தபோது நீதிமன்றம் போகாமல் ஏலம் விட முடியாத வங்கி அது. பராட்டேயை 2024இல் சில காலம் நிறுத்தி வைத்ததால் தப்பிக்கொண்டார் என்று கதை முடிந்தால் நன்றாக இருக்கும். அதற்கு முன்பே காணியின் பாதியை விற்றுத்தான் கடனை அடைத்தார்.

50க்குக் கீழே இருந்தால் வங்கி சும்மா இருக்கும் என்றும் அர்த்தமில்லை. முன்பு சொன்ன 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றம் போகும். அங்கே நீங்கள் வாதாடுவதற்கே அனுமதி பெற வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு வா என்றும் நீதிமன்றம் சொல்லலாம். ஆனாலும் நடுவில் ஒரு நீதிபதி இருப்பார், தவணை கேட்க ஓர் இடம் இருக்கும். இந்தச் சட்டங்களில் அடிக்கடி கை வைக்கிறார்கள் என்பதால், எதில் கையெழுத்துப் போடும் முன்பும் எல்லைத் தொகை அன்றைக்கு என்ன என்று உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.

வங்கியை மாற்றுவது பற்றி. தீபாவளிக்கு முன் வேண்டாம். பழைய வங்கி முழுக் காசும் கட்டாமல் ஈட்டு முறியை விடுவிக்காது; புதிய வங்கி உறுதி தெளிவாகாமல் காசு விடாது. நடுவில் நொத்தாரிசு, மதிப்பீட்டாளர், காணிப் பதிவகம் என்று வாரங்கள் போகும். நம் மலையக நகரங்களில் இன்னொரு தொல்லை உண்டு. கடை நிலத்தில் எத்தனை முழு உரிமை தரும் உண்மையான சின்னக்கரை உறுதி, எத்தனை நகர சபைக் குத்தகை, எத்தனை தோட்டத்திலிருந்து பிரிந்த துண்டு? உங்கள் அப்பா காலத்தில் கண்டுகொள்ளாமல் விட்ட குறையைப் புதிய வங்கியின் சட்டத்தரணி முதல் நாளே கண்டுபிடிப்பார். கட்டடம் மண்சரிவு அபாய வலயத்தில் வருகிறதா என்றும் கேட்பார்கள். 60 இலட்சம் என்று வாயால் சொன்னது காகிதத்தில் 42 ஆகலாம். அதற்குள் நீங்கள் பழைய முகாமையாளரிடம், நான் போகிறேன் என்று ரோஷத்தில் சொல்லியிருந்தால், மிச்சமிருக்கும் 15ஐயும் கேட்டவுடன் கட்டச் சொல்லிக் கடிதம் வரலாம். அதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு.

ஆகவே சமரசமாகப் போங்கள். கிளையில் நின்று சத்தம் போடாமல், பிராந்திய அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அறிவித்தல் கிடைக்கும் முன்பே காசோலை திரும்பியதைத் திகதிகளோடு சொல்லுங்கள். மூன்று விடயம் கேளுங்கள். அந்தக் காசோலை வரம்பு மாற்றத்தால் திரும்பியது, வாடிக்கையாளர் தவறால் அல்ல என்று எழுத்தில் ஒரு கடிதம். புறக்கோட்டைக்காரருக்கும் காட்டலாம், நாளைக்கு 25ஆம் பிரிவு என்று யாராவது வந்தாலும் காட்டலாம். எல்லோருடைய கடன் வரலாற்றையும் வைத்திருக்கும் கடன் தகவல் பணியகத்தின் (கிரிப்) அறிக்கையில் அந்தப் பதிவு போயிருந்தால் அதைத் திருத்துவது. உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். அப்புறம், நிரந்தரமாக 40 கேட்காமல், தீபாவளிக்கு முன்பின் மூன்று மாதத்துக்கு மட்டும் 35 வரை தற்காலிக வரம்பு, வீட்டு உறுதி இல்லாமல். இதைக் கொடுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது, கொடுக்காமல் விட்டால் அவர்கள் பதில் சொல்ல வேண்டிய அந்தத் திரும்பிய காசோலைக் கதையும் இருக்கிறது. பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களத்துக்கு எழுதலாம். ஆனால் வரம்பைக் கூட்டச் சொல்லி அவர்கள் வங்கிக்குக் கட்டளை போடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். காசோலை விடயத்தை மட்டும் எழுதுங்கள்.

30க்குத்தான் ஒத்துக்கொண்டால் 30க்குச் சாமான் இறக்குங்கள். ஜனவரியில் கணக்கு அடங்கிய பிறகும் மாறத்தான் வேண்டும் என்றால், எதிர்ப்பக்கத்து வங்கியிடம் ஓடிக்கு ஒரு ஒஃபர் லெட்டர், தவணைக் கடனுக்கு வேறு ஒன்று, இரண்டும் 50க்குக் கீழே, மனைவியின் பெயர் இரண்டிலும் இல்லாமல் கேளுங்கள். ஒன்றாகத்தான் தருவோம் என்றால் அங்கே போக வேண்டாம்.