கை எப்போது நடுங்குகிறது?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் இரண்டு கையும் நடுங்கிச் சிந்துகிறது. ஒரு வருடமாகத் தலையும் லேசாக ஆடுகிறது. சொந்தக்காரர்கள் பார்க்கின்சன் என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, கரூர்

பதில்: பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பார்க்கின்சன் நடுக்கம் சும்மா இருக்கும் கையில் வரும். மடியில் கிடக்கும் கையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல நொடிக்கு 4 முதல் 6 தடவை அசையும். எதையாவது எடுக்கக் கையை நீட்டினால் பெரும்பாலும் அடங்கும். அநேகமாக ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். அப்பாவுக்கு நேர்மாறாக இருக்கிறது. இது ‘எசென்ஷியல் ட்ரெமர்’, அதாவது கையை வேலைக்குப் பயன்படுத்தும்போது வரும் நடுக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தாத்தாவுக்கோ அத்தைக்கோ இருந்ததா என்று விசாரியுங்கள். பல குடும்பங்களில் வழிவழியாக வருவது இது.

தாளில் கையை ஊன்றாமல் ஒரு சுருள் வரையச் சொல்லி, கீழே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். எசென்ஷியல் ட்ரெமரில் கோடு அலையலையாக வரும். பார்க்கின்சனில் எழுத்து போகப் போகச் சிறுத்துவிடும். உண்மையில் பார்க்கின்சனுக்கு நடுக்கத்தைவிட அசைவுகள் மந்தமாவதே முக்கியமான அடையாளம். கட்டைவிரலில் ஆள்காட்டி விரலை 15 தடவை வேகமாகத் தட்டச் சொல்லிப் பாருங்கள். தட்டத் தட்ட விரல் விரியும் அகலம் குறைந்தாலோ, நடக்கையில் ஒரு கை வீசாமல் தொங்கினாலோ நரம்பியல் மருத்துவரைச் சீக்கிரம் பாருங்கள். ‘எம்.ஆர்.ஐ. நார்மல்’ என்று வந்தாலும் நிம்மதியாகிவிட வேண்டாம். பார்க்கின்சனில் அது பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும் எடுத்துப் போங்கள். தலைசுற்றலுக்கான சின்னாரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனாரிசின், வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு, இவையெல்லாம் மூளையில் அசைவைச் சீராக்கும் ரசாயனமான டோபமைனின் வேலையைத் தடுப்பவை. நாள்பட எடுத்தால் அச்சு அசலாகப் பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளை உண்டாக்கலாம். நெஞ்செரிச்சலுக்குத் தரும் சில காப்ஸ்யூல்களில் இதே வகையைச் சேர்ந்த லீவோசல்பிரைடும் கலந்திருக்கும். பிராண்டு பெயரில் தெரியாது, அட்டையின் பின்புறம் பார்க்க வேண்டும். மருத்துவர் சொல்லி நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் சரியாகும். இதைக் கவனிக்காமல் மேலே பார்க்கின்சன் மாத்திரையையும் சேர்ப்பது தவிர்க்கக்கூடிய கொடுமை. தைராய்டு மிகையானாலும், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமாலாலும் கை நடுங்கும்.

எசென்ஷியல் ட்ரெமர்தான் என்று உறுதியானால் ப்ரோப்ரனோலால் தருவார்கள். ஆஸ்துமா இருந்தால் அது ஆகாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதுவரை கனமான டம்ளரில் பாதி மட்டும் ஊற்றிக் கொடுங்கள்.

கேள்வி: அண்ணிக்குக் கழுத்து தானாக வலப்பக்கம் திரும்புகிறது. தேய்மானம் என்று ஆறு மாதமாகக் காலர் போட்டும் குறையவில்லை.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: தாடையில் விரலை லேசாக வைத்தால் கழுத்து நேராகிறதா? அப்படியானால் தேய்மானத்தைவிட ‘டிஸ்டோனியா’வைத்தான் சந்தேகிக்க வேண்டும். மூளையிலிருந்து தவறான கட்டளை வந்து தசை இழுக்கிறது; காலர் அதை அடக்காது. இழுக்கும் தசையைக் கண்டுபிடித்து பொட்டுலினம் ஊசி போட்டால் சுமார் மூன்று மாதம் தளர்ந்திருக்கும், பிறகு மறுபடி போட வேண்டும். ஊசிக்குப் பின் சில நாள் விழுங்கச் சிரமப்பட்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.