ஓடிபி கொடுத்துவிட்டால் வங்கிக்குப் பொறுப்பே இல்லையா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். பெங்களூரா காய் போட்டதற்கு மாங்கூழ் ஆலையிலிருந்து பணம் வந்த வாரத்தில், என் வங்கியின் பெயரில் ஒரு மெயில் வந்தது. பான் எண்ணை இன்றிரவுக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று எழுதியிருந்தது. அதிலிருந்த லிங்கைத் தொட்டு, பயனர் பெயர், பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். வெள்ளி இரவே 90,000 ரூபாய் போய்விட்டது. மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, கிளை விடுமுறை. வங்கியின் இலவச எண்ணில் பேசிப் புகார் எண் வாங்கினேன். அப்படியும் திங்கள் காலை இன்னொரு 62,000 போனது. அதற்கு நான் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. பிறகு மகன் சொல்லி, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்தேன். 35,000 ரூபாயை ஏதோ ஒரு கணக்கில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். மேலாளரோ, "ஓடிபி கொடுத்தது நீங்கள். எழுத்தில் புகார் தந்ததும் செவ்வாய்க்கிழமைதான். வங்கி பொறுப்பல்ல" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? இனி இப்படிப்பட்ட மெயிலை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: மேலாளர் சொல்வதில் பாதிதான் சரி. உங்கள் 1,52,000 ரூபாயை ஒரே இழப்பாகப் பார்க்காமல், வெள்ளிக்கிழமைப் பணம், திங்கட்கிழமைப் பணம் என்று பிரித்து வையுங்கள். சட்டம் இரண்டையும் வேறுவேறாகத்தான் பார்க்கிறது.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில் இதற்கான விதி இருக்கிறது. ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான இழப்பு வாடிக்கையாளருடையது. தகவல் சொன்ன பிறகு ஏற்படும் எந்த இழப்பும் வங்கியுடையது. நீங்கள் சனிக்கிழமையே சொல்லிவிட்டீர்கள். திங்கட்கிழமை போன 62,000 ரூபாயை வங்கிதான் ஏற்க வேண்டும்.

"எழுத்தில் தந்தது செவ்வாய்க்கிழமை" என்ற வாதம் நிற்காது. தொலைபேசி, எஸ்எம்எஸ், மெயில் என்று பல வழிகளில், 24 மணி நேரமும் புகார் சொல்ல வாடிக்கையாளருக்கு வசதி செய்து தர வேண்டும் என்று அதே சுற்றறிக்கை வங்கிகளுக்குச் சொல்கிறது. கிளை திறக்கும் வரை காத்திருக்கச் சொல்லவில்லை. உங்கள் புகார் எண்தான் இந்த வழக்கின் உயிர். அந்த எண் வந்த எஸ்எம்எஸ், போனில் பதிவான அழைப்பு நேரம் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அழைப்புப் பதிவைப் பாதுகாக்கும்படி வங்கிக்கு இன்றே ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள்.

அந்தக் கடிதத்திலேயே இன்னும் இரண்டு கேளுங்கள். அனுமதியில்லாமல் நடந்த பரிவர்த்தனை பற்றித் தகவல் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கி மேல்தான் இருக்கிறது. அசாமைச் சேர்ந்த ஒருவர் 94,000 ரூபாய்க்கு மேல் இழந்த வழக்கில், இதே சுற்றறிக்கையை வைத்து வங்கிதான் பொறுப்பு என்று குவஹாத்தி உயர் நீதிமன்றம் சொன்னதை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அவர் 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டார். ஆனால் அந்த வழக்கில் வாடிக்கையாளர் மேல் கவனக்குறைவு இருந்ததாக நீதிமன்றம் கருதவில்லை. அதனால் உங்கள் வெள்ளிக்கிழமைப் பணத்துக்கு அந்தத் தீர்ப்பு நேரடியாக உதவாது.

அந்த 90,000 கடினம்தான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் வழியே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வங்கி போல வந்த மெயிலை நம்பிப் பாஸ்வேர்டைக் கொடுத்துப் பணம் இழந்த ஒருவருக்கு, 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2010-ல் தமிழ்நாட்டின் தகவல் தொழில்நுட்பச் செயலர் ஐசிஐசிஐ வங்கிக்கு உத்தரவிட்டார். தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி இழப்பீடு தீர்மானிக்கும் அதிகாரி அவர்தான். 5 கோடி வரையிலான கோரிக்கைகளை அவரிடம் கொண்டுபோகலாம். உங்கள் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை யார் பெயரில், என்ன ஆவணத்தை வைத்துத் திறந்தார்கள் என்பது அங்கே முக்கியமான கேள்வியாக வரும். போலீஸ் விசாரணையில் அது தெரிந்த பிறகு முடிவு செய்யலாம்.

நிறுத்தி வைத்த 35,000 தானாகத் திரும்பி வரும் என்று காத்திருக்க வேண்டாம். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவானதா என்று பாருங்கள். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதிவான பிறகு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 503-வது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு அந்தப் பணத்தைக் கேட்கலாம். வெள்ளி இரவே 1930-க்குச் சொல்லியிருந்தால் நிறுத்திய தொகை கூடுதலாக இருந்திருக்கும். இந்தப் பணம் சில மணி நேரத்தில் பல கணக்குகள் தாண்டிவிடும்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் முன்னரே வழக்குப் போட்டிருந்தால் அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். எனவே முதலில் இவர், அப்புறம்தான் நுகர்வோர் ஆணையம்.

அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அதன் படத்தை அனுப்பினாலோ, மெயிலை ஃபார்வர்டு செய்தாலோ, எங்கிருந்து வந்தது என்று காட்டும் உள்விவரம் சேராது. மகனிடம் சொல்லி மூல வடிவிலேயே டவுன்லோடு செய்து வையுங்கள். போனை ரீசெட் செய்யவும் வேண்டாம்.

அடையாளம் காண்பது பற்றிக் கேட்டீர்கள். அனுப்புநர் இடத்தில் தெரியும் பெயரை யாரும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதைத் தொட்டு முழு முகவரியைப் பாருங்கள். லிங்கின் முகவரியில், தொடக்கத்தில் உள்ள 'https://' என்பதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியைக் கடைசியிலிருந்து படியுங்கள். வங்கியின் பெயரை முன்னால் ஒட்டவைத்து, கடைசியில் வேறு எதையோ வைப்பதுதான் இவர்கள் வேலை. நம் நாட்டு வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் தங்கள் இணையதளங்களை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. பூட்டுப் படம் இருப்பதை நம்பாதீர்கள், மோசடித் தளத்துக்கும் அது கிடைக்கும். பாஸ்வேர்டையோ ஓடிபியையோ கேட்டு எந்த வங்கியும் மெயில் அனுப்புவதில்லை. பான் விவரம் உண்மையிலேயே பாக்கி என்றால் லிங்கைத் தொடாமல் வங்கியின் செயலியில் பாருங்கள், இல்லையென்றால் கிளைக்குப் போங்கள். ஓடிபி வரும் எஸ்எம்எஸ்ஸை எண்ணுக்காக மட்டும் பார்க்காமல் முழுவதும் படியுங்கள். எவ்வளவு பணத்துக்கு, எதற்கு என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

இன்னும் சில வாரங்களில், இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரிலோ போலீஸ் பெயரிலோ உங்களுக்கு மெயில் வரலாம். ஒருமுறை ஏமாந்தவரின் விவரம் இந்தக் கும்பல்களிடம் கைமாறும். குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, 1930-க்கும் கிடையாது.