வெப்பநிலையை இணைத்தேன், சத்தம் வரவில்லையே?

கேள்வி: எங்கள் ஊரின் ஓராண்டு உச்ச வெப்பநிலை, 24 முதல் 42 டிகிரி வரை 365 எண்கள், எக்செலில் இருக்கிறது. ப்யூர் டேட்டாவில் (பெட்டிகளைக் கம்பியால் இணைத்து ஒலி உருவாக்கும் மென்பொருள்) அதை ஒலியாகவும் படமாகவும் மாற்ற ஆசை. எண்களை ஒலி எழுப்பும் ஆஸ்க்~ பெட்டியில் இணைத்தால் எதுவும் கேட்கவில்லை. எனக்கு நிரல் எழுதத் தெரியாது.

பதில்: உங்கள் இணைப்பு சரி, ஒலியும் வருகிறது. ஆனால் ஆஸ்க்~ வருகிற எண்ணை ஹெர்ட்ஸாக, அதாவது விநாடிக்கு அத்தனை அதிர்வுகளாக, எடுத்துக்கொள்ளும். 24 டிகிரி 24 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். அவ்வளவு தாழ்ந்த ஒலி லேப்டாப் ஸ்பீக்கரில் எடுபடாது.

அப்படியானால் 20ஆல் பெருக்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். காது கேட்பது விகிதத்தை. நடு ஸ்தாயி சட்ஜம் இருமடங்கானால்தான் மேல் ஸ்தாயி சட்ஜம். பெருக்கினால் 24க்கும் 25க்கும் இடையில் 480, 500 என்று நன்றாகத் தெரியும் ஏற்றம், 41க்கும் 42க்கும் இடையில் 820, 840 என்று சுருங்கிவிடும். கோடையின் ஒரு டிகிரி மட்டும் சின்னதாகக் கேட்பது தரவுக்குச் செய்கிற அநியாயம்.

வெப்பநிலையில் 24ஐக் கழித்து, 2ஆல் பெருக்கி, 48ஐக் கூட்டுங்கள். கிடைக்கும் 48 முதல் 84 வரையான எண்கள் மிடி சுரங்கள், அதாவது சுரங்களுக்குக் கணினி இசையில் தரும் வரிசை எண்கள். அவற்றை, சுர எண்ணை ஹெர்ட்ஸாக மாற்றும் எம்டிஓஎஃப் பெட்டி வழியாக அனுப்பினால் சுமார் 131 ஹெர்ட்ஸிலிருந்து 1047 ஹெர்ட்ஸ் வரை சீராக ஏறும். ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் டேக்~ பெட்டிக்கு முன்னால், ஒலியைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் *~ 0.1 கட்டாயம்; ஹெட்போனில் முழு ஒலி காதைப் பதம் பார்த்துவிடும்.

எண்களை வரிக்கு ஒன்றாக டெக்ஸ்ட் கோப்பில் சேமித்து, அர்ரே என்ற எண் பட்டியலில் ஏற்றி, அதைப் படிக்கும் டேப்ரீட் பெட்டி மூலம் எடுங்கள். அர்ரேயின் அளவு தொடக்கத்தில் 100தான், 365 ஆக்க மறக்காதீர்கள். 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை தட்டும் மெட்ரோ 100 பெட்டியை வைத்தால் ஓராண்டு 36.5 விநாடியில் ஓடிவிடும். எத்தனையாவது நாள் என்று எண்ண, எண்ணை நினைவில் வைக்கும் எஃப், ஒன்றைக் கூட்டும் + 1 என இரண்டு பெட்டிகள் போதும். + 1இலிருந்து திரும்பும் கம்பி எஃப்பின் மேலுள்ள வலது நுழைவாயில்தான் சேர வேண்டும். இடது வாய் எண் வந்ததும் உடனே இயங்கும். அங்கே சேர்த்தால் முடிவில்லாமல் சுழன்று பிழை காட்டும்.

அப்புறம் படம். படம் வரைய உதவும் ஜெம் என்ற கூடுதல் நூலகத்தை நிறுவி, படச் சாளரத்தைத் திறக்கும் ஜெம்வின் பெட்டிக்கு கிரியேட், 1 என்ற செய்திகளை அனுப்புங்கள். ஜெம்ஹெட் (வரைதலைத் தொடங்குவது), கலர்ஆர்ஜிபி (நிறம் தருவது), ஸ்ஃபியர் (உருண்டை வரைவது) மூன்றையும் வரிசையாகக் கோர்த்தால் உருண்டை தெரியும். நிறம் 0 முதல் 1 வரை என்பதால், 24ஐக் கழித்து 18ஆல் வகுத்ததைச் சிவப்புக்குக் கொடுங்கள்.

அளக்காத நாளுக்குச் சராசரியைப் போட்டு நிரப்பாதீர்கள். 0 என்றே விடுங்கள். அது 8 ஹெர்ட்ஸாகி, அந்த நாள் மௌனமாகக் கடந்துபோகும்.