சிறிய கைகளுக்கு எந்த ரெனர் ரெக்கோடர் பொருந்தும்?

யாழ்ப்பாணத்தில் பாடசாலை வாத்தியக் குழுவில் சொப்ரானோ எனும் சிறிய ரெக்கோடர் (ஊதுகுழல்) வாசிக்கும் உங்கள் மகளின் சிறிய கைகளுக்கு, அதிலும் பெரிய ரெனர் வகையில் எது ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். ரெனர் ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் நீளமானது. சொப்ரானோவிலும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பதால் அதன் துளைகளும் விலகியே நிற்கும். விலை மலிவென்று சாவி (விரலால் அழுத்தித் துளையை மூடும் நெம்பு) இல்லாததை எடுக்க வேண்டாம். அடித்துளைக்கு இரட்டைச் சாவி பொருத்திய, யமஹா 304 போன்ற பிளாஸ்ரிக் கருவியை முதலில் பாருங்கள். ஆயினும் அந்தச் சாவி சின்னவிரலுக்கே உதவும். வலக்கை மோதிரவிரல் எட்டவேண்டிய தூரம் குறையாது.

ஆகவே வாங்குமுன், விரல் நுனியால் அன்றிச் சதைப்பகுதியால் துளைகளை மூடி, மணிக்கட்டை மடக்காமல் தாழ்ந்த டி சுரத்தை மகள் மெதுவாக ஊதிப் பார்க்கட்டும். அது கீச்சிட்டால், பெரும்பாலும் மோதிரவிரலின் ஓரத்தால் காற்றுக் கசிகிறது. கைகள் நீட்டி நோகுமானால், கழுத்து வளைந்த மாதிரி உடலோடு நெருங்கி நிற்கும், விலைதான் கூட.