பழைய ஜவுளிக்கடைக்கு எல்.இ.டி: எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது?

கேள்வி: பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறோம். அப்பா 1988-ல் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம். பழைய செம்பு சோக் போட்ட 40 வாட் டியூப்லைட் மொத்தம் 48; அதில் 12 டியூப் மாடியிலுள்ள குடோனில். பொள்ளாச்சி எலக்ட்ரீஷியன் "டியூப்பை மட்டும் மாற்றினால் போதும்" என்கிறார். சித்தூர்க்காரர் ஒருவர் "ஃபிட்டிங்கோடு கழற்றிவிடுங்கள்" என்கிறார். சோதனைக்கு மாட்டிய ஒரு எல்.இ.டி. டியூப், சுவிட்சை அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது. கரண்ட் யூனிட்டுக்கு 9 ரூபாய் ஆகிறது. என்ன செய்யலாம், ஐயா?

பதில்: சித்தூர்க்காரர் சொல்வதுதான் சரி. ஆனால் அது கடைக்கு மட்டும். குடோனை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். 40 வாட் டியூப் என்கிறோமே தவிர, சோக் சூடாவதில் போவதையும் சேர்த்தால் ஒன்று கிட்டத்தட்ட 54 வாட் இழுக்கும். விளக்கும் ஃபிட்டிங்கும் ஒன்றாகவே வரும் 20 வாட் எல்.இ.டி. பேட்டன் போட்டால் ஒன்றுக்கு 34 வாட் மிச்சம். கடையில் 36 விளக்கு, தினம் 10 மணி நேரம், வருஷம் 300 நாள் என்றால் 3,672 யூனிட். உங்கள் விலையில் 33,000 ரூபாய். நல்ல பேட்டன் கூலியோடு ஒன்று 500 ரூபாய் என்றே வைத்தாலும் 18,000தான். ஏழு மாதத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும். குடோனில் தினம் அரை மணி நேரம்தான் விளக்கு எரியும் என்று நினைக்கிறேன். அங்கே வருஷத்துக்கு 61 யூனிட், 550 ரூபாய் மிச்சமாகும். 6,000 ரூபாய் போட்டுவிட்டு பதினோரு வருஷம் காத்திருக்க வேண்டாம்.

இப்போது அந்த மங்கல் வெளிச்சம். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். பழைய கட்டடங்களில் சுவிட்சை, கரண்ட் வரும் பேஸ் ஒயரில் மாட்டாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரலில் மாட்டியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டர் வரை பேஸ் நிற்கும். கசிகிற சொற்பக் கரண்ட் பழைய டியூப்பை எரிய வைக்காது; எல்.இ.டி.க்கு அதுவே போதும். சுவிட்சுக்குள்ளேயே இருக்கும் சின்ன சிவப்பு இண்டிகேட்டராலும் இப்படி ஆகும், அதனால் ஆபத்தில்லை. எது காரணம் என்று ஒயர்மேன் சுவிட்சைக் கழற்றி, அதற்கு வருவது பேஸா நியூட்ரலா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நியூட்ரல் என்றால் விளக்கை வாங்குவதற்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள். அதுவரை "சுவிட்ச் ஆஃப்தானே" என்று யாரும் ஏணியில் ஏறி டியூப்பைத் துடைக்கக் கூடாது, மெயின் போர்டில் எம்.சி.பி. பிரேக்கரை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். கையோடு மெக்கர் (இன்சுலேஷனைப் பார்க்கும் மீட்டர்) வைத்து ஒயரையும் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து அலுமினிய ஒயராக இருந்தால் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஆனால் எல்.இ.டி. மாட்டுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். மெக்கர் 500 வோல்ட் அனுப்பும், விளக்குக்குள் எல்.இ.டி.க்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் போய்விடும்.

டியூப்பை மட்டும் மாற்றுவதில் என்ன தொந்தரவு? எல்.இ.டி. டியூப்பில் இரண்டு வகை. ஒன்றில் பேஸும் நியூட்ரலும் ஒரே முனையில். இன்னொன்றில் முனைக்கு ஒன்று. சோக்கை எடுத்துவிட்டு வகைக்கு ஏற்றபடி ஒயரை மாற்ற வேண்டும். அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் எரியும். இரண்டு வருஷம் கழித்து ஒன்று போகும்போது, பக்கத்துக் கடையில் கிடைத்ததை யாராவது வாங்கி மாட்டுவார்கள். ஒருமுனை டியூப் சிலவற்றில் மறுமுனைப் பின் இரண்டும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும். நான் வேலை செய்த ஒரு கடையில் பையன் அதைத் திருப்பி மாட்டினான். டப்பென்று ஷார்ட் ஆகி, பண்டிகைக் கூட்டத்தில் மாடி முழுக்க இருட்டு. முழு பேட்டனில் இந்தக் குழப்பமே இல்லை. தவிர, 1988-ம் வருஷத்து ஹோல்டர் கை பட்டாலே பொடிகிற நிலையில்தான் இருக்கும்.

வாங்கும்போது அட்டையில் வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். வெளிச்சத்தின் அளவான லுமென் 2,000-க்குக் குறையக் கூடாது. ஜவுளிக்கடைக்கு அதைவிட முக்கியமானது சி.ஆர்.ஐ., அதாவது விளக்கு துணியின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று 100-க்குச் சொல்லும் எண். சாதாரண எல்.இ.டி. 80 வரும், சேலைப் பிரிவுக்கு 90 கேளுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. வாடிக்கையாளர் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிரித்துப் பார்க்கிறார் என்றால் உங்கள் விளக்கு அவரை ஏமாற்றுகிறது என்று அர்த்தம். 6,500 கெல்வின் நீல வெள்ளையில் அரக்குச் சிவப்பு செத்துப்போகும், செட்டு முண்டின் கசவு ஜரிகை வெளிறும். 4,000 வாங்குங்கள். கசவு அடுக்குக்கு மட்டும் மஞ்சள் கலந்த 3,000 போடலாம். அப்புறம், பழைய டியூப் நாலா பக்கமும் வெளிச்சம் போடும், எல்.இ.டி. முன்பக்கம்தான் போடும். கூரையில் அடித்தால் மேல் ரேக்குகள் இருண்டுவிடும். ரேக்கைப் பார்த்து அடியுங்கள். எதற்கும் முதலில் நான்கு மட்டும் வாங்கி, ஒரு சாயங்காலம் சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மீதிக்கு ஆர்டர் கொடுங்கள்.

எல்.இ.டி.யின் எமன் சூடும் இடியும். உங்கள் பக்கம் பங்குனி, சித்திரையில் வெயில் கொளுத்தும். தகரக் கூரையை ஒட்டி மாட்டாதீர்கள். ஐப்பசி இடிக்கு மெயின் போர்டில் ஒரு சர்ஜ் புரொடெக்டர் வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் அது வெறும் பெட்டிதான், அதனால் எர்த் குழாயையும் பார்த்துவிடுங்கள். மெயினில் பழைய கெப்பாசிட்டர் இருந்தால் அது சோக்குகளுக்காக வைத்ததா என்று கேளுங்கள். சோக் போன பிறகு அது வேண்டியிருக்காது.

வேலை முடிந்ததும் சோம்பல்படாமல் கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) செக்ஷன் ஆபீசுக்கு ஒரு நடை போய்வாருங்கள். கடை இணைப்புக்கு நிலைக் கட்டணம் கனெக்டட் லோடை (கடையில் மாட்டியிருக்கும் எல்லாவற்றின் மொத்த வாட்டை) வைத்துக் கிலோவாட் கணக்கில் வருகிறது. உங்களுக்கு 1.2 கிலோவாட் குறைகிறது. திருத்தித் தரச் சொல்லி விண்ணப்பம் கொடுங்கள். புதிதாக ஏ.சி. போட்டிருந்தால் அதையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

கழற்றின சோக்கைப் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போடலாம், செம்பு இருக்கிறது. டியூப்பில் பாதரசம் உண்டு. உடைத்துக் குப்பையில் எறியாமல் மின்கழிவாகக் கொடுங்கள், வாங்குவார்களா என்று, வீடு கடைகளில் கழிவு சேகரிக்க வரும் ஹரித கர்ம சேனைக்காரர்களிடம் விசாரியுங்கள். நன்றாக எரிகிற ஆறேழு டியூப்பையும் ஸ்டார்ட்டரையும் மட்டும் துடைத்து எடுத்து வையுங்கள். குடோனுக்கு ஸ்பேர்.