சட்டமும் நீங்களும்: பதினைந்து வயதில் நடந்தது நற்சான்றிதழில் வருமா?

கேள்வி: என் மகன் பதினைந்து வயதில் நண்பர்களுடன் சேர்ந்து ஒரு கடையில் கைத்தொலைபேசி திருடிய விடயத்தில் பிடிபட்டான். சிறுவர் நீதிமன்றம் அவனை ஒரு வருடம் நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் விட்டது. அதன் பின்னர் அவன்மீது எந்த முறைப்பாடும் இல்லை. இப்போது இருபத்திரண்டு வயதாகிறது. கனடாவில் படிப்பதற்கு விண்ணப்பிக்கிறான். பொலிஸ் நற்சான்றிதழில் அந்த விடயம் வருமா? படிவம் நிரப்பித் தரும் முகவர், "சின்ன வயதில் நடந்ததுதானே, இல்லை என்றே போடுங்கள்" என்கிறார்.
– தாயொருவர், வெள்ளவத்தை

பதில்: முதலில், முகவர் சொல்வதைக் கேட்டு "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். கனடாவின் கல்வி அனுமதிப் படிவம் நற்சான்றிதழில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. எந்த நாட்டிலாவது, எப்போதாவது ஒரு குற்றம் புரிந்தீர்களா, கைது செய்யப்பட்டீர்களா, குற்றஞ்சாட்டப்பட்டீர்களா, குற்றவாளியாகக் காணப்பட்டீர்களா என்று கேட்கிறது. நற்சான்றிதழ் வெறுமையாக வந்தாலும் அந்தக் கேள்விக்கு உங்கள் மகனின் உண்மையான பதில் "ஆம்" என்பதே.

இதில் என்னை வருத்துவது, அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை என்பதுதான். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராக இருந்தபோது புரிந்த குற்றத்துக்காக, சிறுவர்களுக்கென்று தனிச் சட்ட ஏற்பாடு உள்ள ஒரு நாட்டில் சிறுவராகவே நடத்தப்பட்டவரை, அந்தக் குற்றத்தின் காரணமாகக் கனடா பொதுவாக அனுமதிக்குத் தகுதியற்றவராகக் கொள்வதில்லை. இலங்கையில் அத்தகைய ஏற்பாடு 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் மூலம் நீண்ட காலமாகவே இருக்கிறது. ஆனால் உண்மையை மறைத்தது தெரியவந்தால், அந்நாட்டின் குடிவரவுச் சட்டத்தின் 40 ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகளுக்கு அவர் அங்கே நுழைய முடியாது. மன்னிக்கப்படக்கூடிய ஒரு சிறுவயதுத் தவறை, மன்னிக்கப்படாத ஒரு வயதுவந்தோர் தவறாக மாற்றச் சொல்கிறார் உங்கள் முகவர். படிவத்தின் அடியில் ஒப்பமிடப்போவது உங்கள் மகன், முகவர் அல்லர்.

இனி நற்சான்றிதழுக்கு வருவோம். கொழும்பிலுள்ள பொலிஸ் தலைமையகம் அதை வழங்குவதற்கு முன், மத்திய குற்றப் பதிவேடுகளைப் பார்ப்பதோடு, விண்ணப்பதாரர் வசித்த பிரதேசங்களின் பொலிஸ் நிலையங்களிடமும் அறிக்கை கேட்கிறது. சிறுவர் நீதிமன்ற விசாரணை பொதுமக்களுக்கு மூடப்பட்டது. பிள்ளையின் பெயரை வெளியிடுவதும் தடைசெய்யப்பட்டது. எனினும், முறைப்பாடு பதியப்பட்ட பொலிஸ் நிலையத்தின் புத்தகத்தில் அந்தப் பதிவு இருக்கக்கூடும். எனவே "சிறுவர் வழக்கு ஒருபோதும் வராது" என்று வாய்மொழியாக யார் உறுதி தந்தாலும் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வழக்கை விசாரித்த நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, கட்டளையின் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதியைப் பெறுங்கள். வழக்கிலக்கம் நினைவில்லாவிட்டால், பொலிஸ் நிலையத்தின் பெயரும் ஆண்டும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். கொழும்புப் பகுதியில் இத்தகைய கட்டளைகள் பெரும்பாலும் சிங்களத்திலேயே எழுதப்பட்டிருக்கும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு அதை ஆங்கிலத்துக்கு மாற்றி, இரண்டு பிரதிகளையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பிறந்த திகதி, சம்பவம் நடந்த திகதி, மேற்பார்வைக் காலம் முடிந்த திகதி ஆகிய மூன்றும் அதில் தெளிவாகத் தெரிகின்றனவா என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அவர் அப்போது சிறுவர் என்பதை விசா அதிகாரிக்குக் காட்டுபவை அவைதாம். இவற்றோடு, நடந்ததை மகனே தன் சொற்களில் சுருக்கமாக எழுதிய ஒரு கடிதத்தையும் இணையுங்கள். பிறர்மீது பழி போடும் வரிகள் அதில் வேண்டாம்.

கேள்வி: பத்தொன்பது வயதில், அடிதடி வழக்கொன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினேன். பத்து வருடங்களாகிவிட்டன. ஒரு தனியார் நிறுவனம் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழும் பொலிஸ் அறிக்கையும் கேட்கிறது. பழைய வழக்கு அழிந்திருக்குமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நீங்கள் அப்போது வயதுவந்தவர், சிறுவர்களுக்குரிய பாதுகாப்பு உங்களுக்குப் பொருந்தாது. பிரித்தானியாவில் 1974 ஆம் ஆண்டின் சட்டமொன்று, பல குற்றத்தீர்ப்புகளைக் குறித்த காலத்தின் பின் சொல்லாமல் விட இடமளிக்கிறது. அதைக் கேள்விப்பட்டு, இங்கும் காலம் சென்றால் தானாக அழிந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் உங்கள் வதிவையும் ஊரில் உங்களைப் பற்றி அவர் அறிந்ததையும் சொல்வது. அது வேறு, பொலிஸ் பதிவு வேறு. தண்டப்பணம் செலுத்திய பற்றுச்சீட்டையும் தீர்ப்பின் பிரதியையும் கையில் வைத்துக்கொண்டு, நிறுவனம் நேரடியாகக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

கேள்வி: வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்ட பின்னும் என் பெயர் நிலுவையில் உள்ளதாகப் பொலிஸார் கூறுகின்றனர்.
– வாசகர், தெமட்டகொடை

பதில்: விடுவிப்புக் கட்டளையின் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதியை எழுத்துமூல வேண்டுகோளுடன் அந்தப் பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தை உங்கள் பிரதியில் வாங்குங்கள். சட்டத்தரணிக்குச் செலவிட வசதியில்லாவிட்டால், புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தையும் தேசிய அடையாள அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.